பரிஸிலிருந்து வந்த சாமான்

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போகிற வழியில், வாடகைச் சைக்கிள் கடைக்கும் மூடிக்கிடக்கும் ஒரு அரிசி மில்லுக்கும் நடுவில் வாகீசனின் கடை இருக்கிறது. கணினி திருத்துவான், படம் அச்சடிப்பான், கைத்தொலைபேசிக்குக் கண்ணாடி ஒட்டுவான். தீவுப்பகுதியில் ஒரு கணினி படுத்துவிட்டால் அதை எழுப்புவதற்கு முதலில் நினைவுக்கு வருகிற ஆள் அவன்தான். ஆனால் எழுப்புவதற்கு வேண்டிய சாமானை அவனிடம் வாங்கலாம் என்கிற நினைவு மட்டும் ஒருவருக்கும் வருவதில்லை.

அவனுடைய தகப்பன் கனகசபை தெற்கே மாத்தறையில் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்துச் சுருட்டு என்றால் அந்தக் காலத்தில் மாத்தறைச் சனம் தேடி வந்து வாங்கும். எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்தபோது உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தவர், பிழைக்க வேறு வழி தெரியாமல் அதே சுருட்டை இங்கேயும் விற்கப் பார்த்தார். "இது எங்கட ஊர்ச் சுருட்டுத்தானே" என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கனகசபை கடைசிவரை அதை ஒரு பகிடியாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். வாகீசன் அந்தப் பகிடிக்குச் சிரிக்கப் பழகியது கடை திறந்த பிறகுதான்.

அவனும் இறக்குமதி செய்து பார்க்காதவன் அல்ல. தொடக்கத்தில் நேராகச் சீனாவிலிருந்தே எடுப்போம் என்று துணிந்து, இணையத்தில் ஒரு பெட்டி விசைப்பலகைகளுக்குக் காசு கட்டினான். அவை கடல் கடந்து, கொழும்பில் கிடந்து, ஒரு மழைக்காலம் முழுவதும் அவனைத் தவிக்க வைத்துவிட்டு வந்து சேர்ந்தன. பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ரஷ்ய எழுத்து. பிறகு நாட்டில் டொலர் இல்லாமற்போன காலம் வந்தது. அந்த வழியும் அடைபட்டது. அதிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போய், சஞ்சீவன் என்பவனின் கடையில்தான் சாமான் எடுக்கிறான். சஞ்சீவன் கொழும்பில் எடுக்கிறான். கொழும்புக்காரன் சீனாவில் எடுக்கிறான். ரஷ்ய எழுத்து வந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்பதுதான் வாகீசன் கண்ட நன்மை.

பக்கத்து ஊரான சுருவிலில் இருக்கிற சறோஜினிதேவி ரீச்சருடைய கணினி கெட்டுப்போன கதை இங்கேதான் தொடங்குகிறது. ரீச்சர் பள்ளிக்கூடமொன்றில் உப அதிபராக இருந்து இளைப்பாறியவர். கணவர் தவறிவிட்டார். ஒரே மகள் தர்சினி குடும்பத்தோடு பரிஸில். ரீச்சர் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் தமிழ் வகுப்பு நடத்துகிறார். பிள்ளைகள் பரிஸிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் இருக்கின்றன. அந்தந்த ஊர்களிலும் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே படிப்பிக்கிறவர்களின் தமிழில் தாய்தகப்பனுக்கு நம்பிக்கை இல்லை. சுருவிலில் இருந்து வருகிற தமிழ்தான் கலப்பில்லாதது என்பது அவர்களின் எண்ணம். ரீச்சரும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

கணினி நடு வகுப்பில் உறையத் தொடங்கியது. ஒருநாள் குற்றியலுகரம் என்று சொல்ல வாயெடுத்தவர் 'குற்றி' என்பதோடு அப்படியே அசையாமல் நின்றுவிட்டார். ஒஸ்லோவில் ஒரு பிள்ளை அன்றைய பாடம் குற்றி என்று எழுதிக்கொண்டு எழும்பிப் போய்விட்டது.

வாகீசன் சுருவிலுக்குப் போய்க் கழற்றிப் பார்த்தான். "ஹார்ட் டிஸ்க் பழுதாப் போச்சுது, ரீச்சர். இப்ப எஸ்.எஸ்.டி. எண்டு தகடு மாதிரி ஒண்டு வருகுது. அதைப் போட்டா இன்னும் கனகாலம் ஓடும்."

"எங்க வாங்குவீர்?"

"யாழ்ப்பாணத்தில."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிழையாக விடை சொன்ன மாணவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதுபோல இருந்தது. "உந்த உள்ளூர்ச் சாமானெல்லாம் எனக்குச் சரிவராது, வாகீசன். தர்சினியிட்டச் சொல்லி எடுப்பிக்கிறன். அது வந்தாப்பிறகு வந்து பூட்டிவிடும்."

"அங்க விக்கிறதும் இஞ்ச விக்கிறதும் ஒரே பக்ரறியில செய்யிறதுதான், ரீச்சர்."

"செய்யட்டுமன். நல்லதைப் பொறுக்கிப் பிரான்சுக்கு அனுப்பிப்போட்டு மிச்சத்தைத்தானே எங்களுக்கு அனுப்புவாங்கள்."

வாகீசன் கழற்றிய கணினியை மூடினான். திருகாணி முடுக்கியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

சாமான் வரவில்லை. வகுப்பு நின்றுபோனது. சிட்னியிலிருந்து தாய்மார் ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ரீச்சர் பார்சல் வழியில் வருகிறது என்றார். அப்படி ஒருநாள் வாகீசனின் கைத்தொலைபேசியில் பிரான்ஸ் இலக்கம் ஒன்று அடித்தது.

"வாகீசன் அண்ணை, நான் தர்சினி. அம்மா டிஸ்க் ஒண்டு கேட்டு ஒரே கரைச்சல். எனக்கு வேலை முடிய முதலே கடையெல்லாம் பூட்டிப்போடுவாங்கள். வாங்கினாலும் ஆரிட்டக் குடுத்துவிடுறது? இப்ப ஒருத்தரும் ஊருக்கு வரேல்லை. நீங்களே ஒண்டை வாங்கிப் போட்டுவிடுங்கோவன். காசு நான் போட்டுவிடுறன்."

"இஞ்ச வாங்கினது வேண்டாமெண்டெல்லோ அவ நிக்கிறா, தங்கச்சி."

"அதுக்குத்தான் சொல்லுறன். நான் அனுப்பினது எண்டு குடுங்கோ."

வாகீசனுக்குக் கோபம் வந்தது. தன் கடைச் சாமானைத் தன் கடைச் சாமான் இல்லை என்று சொல்லி விற்க வேண்டிய நிலைமை தகப்பனுக்குக்கூட வந்ததில்லை. ஆனால் ரீச்சர் சும்மா இருக்கிற வீட்டை அவன் பார்த்துவிட்டு வந்திருந்தான். கணினி மேசைக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, ஓடாத திரையைப் பார்த்தபடி அவர் இருந்த விதம் மனதில் நின்றது. அதோடு கனகசபையின் மகன் வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிறவனும் அல்ல. "சரி, பாப்பம்" என்றான்.

யாழ்ப்பாணத்தில் எடுத்து வந்து, சஞ்சீவனின் கடை ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டினான். மனைவி நிலாந்தி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"உதை இப்பிடியே கொண்டுபோனா பிடிபடுவியள்" என்றாள்.

"ஏன்? பெட்டியில இங்கிலீசிலதானே கிடக்கு."

"வெளிநாட்டுப் பார்சலுக்கு ஒரு மணம் இருக்கப்பா. ரீச்சர் அதைத்தான் முதல்ல பாப்பா."

நிலாந்தியின் பெரியம்மா சுவிஸிலிருந்து கொண்டுவந்த வாசனைச் சவர்க்காரம் அலுமாரியில் இருந்தது. சாமானை அதற்கிடையில் வைத்துப் பூட்டினாள். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது அது ஐரோப்பா முழுவதும் சுற்றி வந்ததுபோல மணத்தது.

ரீச்சர் பெட்டியைக் கையில் வாங்கினார். திறக்கவில்லை, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். அவர் கண் கொஞ்சம் கலங்கியதை வாகீசன் கண்டான். சாமானைக் கண்டு கண் கலங்குகிற அளவுக்கு இந்த மனுசிக்கு வெளிநாட்டு மோகம் என்றுதான் அப்போது நினைத்தான்.

"ஆர் கொண்டுவந்தது?"

"கொழும்பில ஒராளிட்ட வந்தது, ரீச்சர். எனக்குத்தான் எடுத்துச் சொன்னவை."

"பாத்தீரே, பெட்டியிலயே தெரியுது."

பூட்டினான். கணினி குதிரைபோல ஓடியது. ரீச்சர் அதைச் சுருவில் முழுக்கச் சொன்னார், நாரந்தனைக்கும் போய்ச் சொன்னார். "பரிஸ் சாமான். இஞ்சத்தையதைப் போட்டிருந்தா ஒரு கிழமைக்குக் காணாது." சொன்னதில் ஒரு பகுதி வாகீசனின் காதுக்கும் வந்தது. அவன் கேட்டுக்கொண்டு, இன்னொரு கணினியின் தூசியை ஊதினான்.

அதற்குப் பிறகு ஊரில் எந்தக் கணினி கெட்டாலும் தாய்தகப்பன் பிள்ளைகளிடம் சாமான் கேட்டார்கள். பிள்ளைகளுக்கும் வேலை முடிய முதலே கடை பூட்டிவிடுகிறது. தர்சினி யாருக்குச் சொன்னாளோ, ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒவ்வொருவராக வாகீசனுக்கு எடுத்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரித் தயங்கினார்கள், தர்சினி சொன்ன அதே வசனத்தைத்தான் கடைசியில் சொன்னார்கள். கடை திறந்த நாளிலிருந்து அவனுக்கு இப்படியொரு வியாபாரம் நடந்ததில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போகிற பஸ்ஸில் நடத்துனர் அவனுக்கு இடம் பிடித்து வைக்கிற அளவுக்குப் போய்வந்தான். நிலாந்தி அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கிவிட்டாள்.

"வியாபாரம் நல்லாத்தான் நடக்குது" என்றாள் ஒருநாள். "ஆனா எல்லாச் சாமானையும் வெளியில இருந்து எடுப்பிக்க வைக்கிற உங்கட கடையைப்போல மோசமான கடை தீவுக்குள்ள இல்லையெண்டு சனம் சொல்லுது."

அந்த நாட்களில்தான் சிவபாதம் வந்தார். எழுவைதீவிலிருந்து படகில் வந்து இறங்கியவர், மீன் பிடிக்கிறவர். மகள் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். அவளுடைய பழைய மடிக்கணினியை ஒரு உரப்பையில் சுற்றி, நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். வாகீசன் பார்த்தான்: ரீச்சருக்கு வந்த அதே வருத்தம், அதே மருந்து.

சிவபாதம் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, எனக்கு வெளியில ஒருத்தரும் இல்லை. நல்ல சாமான் எடுப்பிக்க வழியில்லை. பிள்ளை பாவம். இஞ்சத்தையதையே போட்டுவிடும், ஓடுமட்டும் ஓடட்டும்."

தட்டில் ஒன்று தயாராக இருந்தது. ரொறன்ரோவிலிருந்து அனுப்பியதாக வேறொருவருக்குக் கொடுக்க வைத்தது. இதுவும் அதுவும் ஒன்று அண்ணை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்லித்தானே ரீச்சரிடம் தோற்றான். உள்நாட்டுச் சாமான்தான் தன் தலையெழுத்து என்று அந்த மனிதர் நின்ற நிலையைப் பார்க்க அவனால் ஏலவில்லை.

"அண்ணை, பிரான்சில இருந்து ஒராள் அனுப்பினது ஒண்டு மேலதிகமாக் கிடக்கு. உள்ளூர் விலைக்கே தாறன்" என்றான்.

சிவபாதம் அதை மணந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைக் கண்டு வாகீசனுக்கும் சந்தோசமாக இருந்தது. இதுவரை பிள்ளைகள் சொல்லச் சொன்ன பொய்யைத்தான் சொன்னான். இது அவன் சொந்தமாக உற்பத்தி செய்த பொய் என்பது அவர் படகேறிய பிறகுதான் உறைத்தது.

சிவபாதத்தின் மனைவி அதை எழுவைதீவு முழுக்கச் சொன்னாள். எழுவைதீவில் சொன்னது படகேறி ஊர்காவற்றுறைக்கு வந்து, சுருவிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு காலைப் பொழுதில் ஓட்டோ ஒன்று கடைக்கு முன்னால் நின்றது. ரீச்சர் குடையை விரிக்காமலே இறங்கினார். கடையில் படம் அச்சடிக்க வந்தவர்கள் நின்றார்கள்.

"வாகீசன், உம்மட்ட வெளிநாட்டுச் சாமான் விக்கக் கிடக்காம். மெய்யோ?"

வாகீசன் அச்சு இயந்திரத்தை நிறுத்தினான்.

"அது உமக்கு எங்கால? பிள்ளையள் அங்க பாடுபட்டு வாங்கி அனுப்புற நல்ல சாமானை எடுத்து வைச்சுக்கொண்டு, எங்களுக்கு யாழ்ப்பாணத்துச் சாமானைப் பூட்டிவிடுறீர். அப்பிடித்தானே?"

"நான் ஒண்டையும் மாத்தேல்லை, ரீச்சர்."

"அப்ப எழுவைதீவுக்குப் பிரான்ஸ் சாமான் எப்பிடிப் போனது?"

ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் தர்சினி மட்டுமா, ரொறன்ரோவும் லண்டனும் சேர்ந்து அல்லவா பிடிபடும்? எழுவைதீவு விடயத்திலோ அவன் சொன்னது சுத்தப் பொய். ஆகவே கள்ளனைப்போலவே தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"உம்மட தகப்பன் நேர்மையான வியாபாரி" என்று சொல்லிவிட்டு ரீச்சர் ஓட்டோவில் ஏறினார்.

ஆட்கள் வரத்துக் குறைந்தது. வந்தவர்களும் வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்று, கழற்றுவதையும் பூட்டுவதையும் கண் வெட்டாமல் பார்த்தார்கள். வாகீசன் தர்சினிக்கு எடுத்துச் சொன்னான். அவள் அழுதேவிட்டாள். "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அண்ணை. இந்தமுறை மெய்யாவே வாங்கி அனுப்புறன். அதைப் பூட்டினா அவவின்ர மனம் ஆறிப்போம்."

மெய்யாகவே அனுப்பினாள். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வந்த ஒருவர் அதைக் கொண்டுவந்து ரீச்சரின் கையில் கொடுத்தார். ரீச்சர் இந்த முறை வாகீசனை நம்பத் தயாரில்லை. கணினியையும் பார்சலையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கே போனார். அங்கே விசாரித்து விசாரித்து, நல்ல கடை என்று எல்லோரும் காட்டிய கடைக்குள் நுழைந்தார். அது சஞ்சீவனின் கடை.

மத்தியானம் சஞ்சீவன் வாகீசனுக்கு எடுத்தான். "அண்ணை, உங்கட பக்கத்து ரீச்சர் ஒராள் வந்திட்டுப் போறா. பிரான்சில இருந்து வந்ததெண்டு ஒண்டைக் கொண்டுவந்தா. சுவிங்கம் துண்டு மாதிரிப் புதுச் சாமான். அவவின்ர பழைய மெசினில அதைப் பூட்ட இடமே இல்லை. உள்ளுக்க கிடக்கிறது நல்லாத்தானே ஓடுது, ஏன் மாத்துறியள் எண்டு கேட்டன். சீரியல் நம்பரை அடிச்சுப் பாத்தா எங்கட சாமான். நீங்கள் எடுத்துக்கொண்டு போனது எண்டும் சொன்னனான். ஏன் அண்ணை, சொல்லியிருக்கக் கூடாதோ?"

"பரவாயில்லை, சஞ்சீவன்" என்றான் வாகீசன். நிலாந்தியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னான். ரீச்சர் வருவார் என்று அவனுக்குத் தெரியும்.

வந்தார். இந்த முறை சத்தம் போடவில்லை. ஓட்டோக்காரனைக் கொண்டு கணினியை மேசையில் வைப்பித்து, "இதைப் பூட்டும். தர்சினியோட கதைக்கவேணும், உமக்கு முன்னால" என்றார். வாகீசன் வயர்களைக் கொழுவினான். திரையில் தர்சினி தோன்றினாள். வேலை இடத்துச் சட்டையோடு ஏதோ படிக்கட்டில் நின்றாள்.

"பிள்ளை, நீ முதல் அனுப்பின டிஸ்க் எங்க போனதெண்டு இவரிட்டக் கேள். எனக்கு இவர் பதில் சொல்லுறாரில்லை."

தர்சினி வாகீசனைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்தான்.

"அம்மா" என்றாள். "நான் அனுப்பேல்லை."

"என்ன?"

"முதல் ஒண்டும் நான் அனுப்பேல்லை, அம்மா. நேரம் கிடைக்கேல்லை. வாகீசன் அண்ணையை நான்தான் கேட்டனான், அங்க வாங்கி, நான் அனுப்பினதெண்டு சொல்லிக் குடுக்கச் சொல்லி. அவரில ஒரு பிழையும் இல்லை."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வரும் என்று வாகீசன் காத்திருந்தான். வெளியே இறங்குதுறைப் பக்கம் படகு ஒன்று இயந்திரத்தை முறுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப, போன வருசம் வந்த சீலை?" என்று கேட்டார் ரீச்சர்.

"சீலை நான் அனுப்பினது, அம்மா. சத்தியமா. லா சப்பல் தமிழ்க் கடையில நானே போய் எடுத்தனான்."

"நீயே போய்?"

"ஓம் அம்மா. சின்னவளையும் கூட்டிக்கொண்டு போனனான். அவள்தான் அந்த நிறம் சொன்னவள்."

ரீச்சர் தலையாட்டினார். அந்தச் சீலை இந்தியாவில் நெய்து பரிஸுக்குப் போய், பரிஸிலிருந்து சுருவிலுக்கு வந்தது என்பது திரையில் நின்றவளோடு சேர்த்து மூவருக்கும் தெரியும். அன்றைக்குக் கண் கலங்கியது டிஸ்க்கைப் பார்த்து அல்ல என்று வாகீசனுக்கு இப்போதுதான் விளங்கியது.

தர்சினி வேலைக்குத் திரும்பிய பிறகு ரீச்சர் நிலாந்தி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். "உம்மை நான் நாலு பேருக்கு முன்னால கள்ளன் எண்டு சொன்னனான். நாலு பேருக்கு முன்னாலதான் அதைத் திருத்தவேணும்."

"திருத்தினா உள்ளதைச் சொல்லவேணும், ரீச்சர். வேற ஆக்களும் இருக்கினம்."

"வேற ஆரார்?"

வாகீசன் வயர்களைக் கழற்றத் தொடங்கினான்.

"நாரந்தனை மாக்கிறேற் ரீச்சர், மகன் கனடாவில இருந்து அனுப்பினானெண்டு பெட்டியைத் தூக்கிக் காட்டினா. அதுவுமோ?"

வாகீசன் திருகாணி முடுக்கியைத் தேடுவதுபோல மேசைக்குக் கீழே குனிந்தான். ரீச்சர் சிரிக்கத் தொடங்கினார். வாய்விட்டுச் சிரித்து, புரையேறி, நிலாந்தி தலையில் தட்டவேண்டி வந்தது.

பிறகு அவர் தன் பாணியிலேயே திருத்தினார். யாரோ வெளியிலிருந்து அனுப்பி மேலதிகமாக வந்ததைத்தான் வாகீசன் எழுவைதீவுக்குக் கொடுத்தான், தானே முழுக்க விசாரித்துவிட்டேன் என்று போகிற வீடுகளில் எல்லாம் சொன்னார். நாற்பது வருசம் பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று படிப்பித்தவர் சொன்னபடியால் எல்லோரும் நம்பினார்கள். கடைக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள். பிள்ளைகளின் தொலைபேசி அழைப்புகளும் வந்தன. பரிஸிலிருந்து மெய்யாக வந்த சாமான் ஒரு கணினிக்கும் பொருந்தாமல் ரீச்சர் வீட்டு அலுமாரியில், சீலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாகீசன் விலைக்குக் கேட்டும் ரீச்சர் கொடுக்கவில்லை.

சிவபாதத்தின் விடயம் மட்டும் அவன் மனதை அரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படகேறி எழுவைதீவுக்குப் போனான். சிவபாதம் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அண்டைக்குத் தந்தது பிரான்ஸ் சாமானில்லை. யாழ்ப்பாணத்தில எடுத்ததுதான். நான் பொய் சொல்லிப்போட்டன்."

சிவபாதம் வலையைக் கீழே விட்டுவிட்டு யோசித்தார். "மெசின் ஓடுதுதானே?"

"ஓம். ஓடும்."

"விலையும் இஞ்சத்தைய விலைதானே எடுத்தனீர்?"

"ஓம்."

"பிறகென்ன." வலையை மறுபடி தூக்கியவர் கையை நிறுத்தினார். "ஆனா தம்பி, மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். ஊரெல்லாம் சொல்லிப்போட்டாள். எங்களுக்கும் பிரான்சில இருந்து ஒண்டு வந்ததெண்டு இப்பத்தான் கொஞ்சம் நிமிந்து நடக்கிறாள்."

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மனைவி மீன் பொரித்துச் சோறு போட்டாள். மகளின் மடிக்கணினியைக் கொண்டுவந்து வாகீசனுக்கு முன்னால் திறந்து காட்டினாள். "பாத்தியளே, தம்பி? சொடுக்கெண்டு வருகுது. வெளிநாட்டுச் சாமானெண்டா வெளிநாட்டுச் சாமான்தான்."

"ஓம், அக்கா" என்றான் வாகீசன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.